ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலி

ஜனவரி 11

மன்னிக்கணும். அப்பாவின் கேள்வி பதில்களுக்காக வாங்கிய நோட்டு இது, என் புலம்பலுக்காக இல்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. ஆள் இருந்தாலும் நான் சொல்லமாட்டேன்.

டிசம்பரில் அப்பா அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் தோற்றுவிட்டார். பதில் தெரியாமல் இல்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தபடியே எல்லாவற்றையும் ஒப்பிப்பவர், கிளீவ்லாந்தில் அதிகாரி முன்னால் வாயே திறக்கவில்லையாம். மார்ச் மூன்றாம் தேதி இன்னொரு வாய்ப்பு. இந்த மனுவுக்கு அதுதான் கடைசி.

நேபாளி பேசும் குடும்பம் என்பதால் பதினான்கு வயதில் பூட்டானிலிருந்து துரத்தப்பட்டவர். அதற்குப் பிறகு எந்த நாடும் அவரைத் தன் ஆள் என்று சொன்னதில்லை.

ஜனவரி 14

கீழ் வீட்டு தேவிமாயா சித்தி மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி மேனுகா, நம்ம ஆளுங்கள்ல மொதமொதல்ல டிகிரி வாங்கினவ நீ. பெத்த அப்பன வாயத் தொறக்க வைக்கத் தெரியல? என் மூளைக்கு நானே பாஸ் பண்ணிட்டேன்!”

சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய.

ஜனவரி 18

பக்கம் பக்கமாக வாசிப்பதை நிறுத்திவிட்டோம். கல்லூரியில் எனக்குக் கைகொடுத்ததைச் செய்கிறோம். ஒரு வேளைக்கு ஐந்தாறு அட்டைகள்தான். பதிலை மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறியதை மறுநாளே கேட்பேன். தெரிந்ததைச் சில நாள் விட்டு, மறக்கப்போகிற நேரத்தில் கேட்பேன். வெங்காயம் நறுக்கும்போதும் சரி, பூட்ஸ் மாட்டும்போதும் சரி, அப்பா தடுமாறவே இல்லை.

பிறகு ஏன் அங்கே மட்டும்?

ஜனவரி 25

ஒத்திகை நேர்காணல். வேலைக்கு நேர்காணல் போக வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்தேன். “ஆபீசரம்மா, டீ சாப்பிடுறீங்களா?” என்று கேலி செய்தார்.

முதல் கேள்வியைக் கேட்டேன். சிரிப்பு நின்றது. பார்வை என் மேல் இல்லை. என் தோளைத் தாண்டி, ஃபிரிட்ஜ் பக்கத்து மூலையில் இருந்தது. நான் எழுந்து மேசையின் மறுபக்கம் போனேன். அவர் பார்வை அந்த மூலையை விட்டு அசையவில்லை.

“அங்க என்னப்பா?”

“எங்க?”

ஜனவரி 26

காலையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நாற்காலி. நான் போடவில்லை.

பிப்ரவரி 1

எடுத்து மேசையருகே போட்டாலும் அது மறுபடி அங்கே வந்துவிடுகிறது. இன்று அப்பா டீ ஊற்றினார். சித்திக்கு, எனக்கு, அவருக்கு. நாலாவது கோப்பையை அந்த நாற்காலி மேல் வைத்தார்.

“யாருக்கு மாமா அது?” என்றாள் சித்தி.

“எது?”

சித்தி நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். “இந்த மூலை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?”

“ஃபிரிட்ஜ் பக்கத்துல அடுப்பு மாதிரியா இருக்கும்?” என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் சித்தி பாதி டீயோடு கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரி 8

கேள்வி கேட்பவருக்குத்தான் பாடம் நன்றாகப் பதியும் என்று ஆள் மாற்றிக்கொண்டோம். “இன்னைக்கு நீங்க ஆபீசர். என்னைக் கேளுங்கப்பா.”

என் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், ஃபிரிட்ஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் இறுகியது. ஏதோ கேட்டார். ஆங்கிலம் இல்லை, நேபாளியும் இல்லை. அவர் பள்ளியில் படித்த, எனக்குத் தெரியாத பூட்டான் நாட்டு மொழி. அதே கேள்வியை மறுபடி, மறுபடி. குரல் அப்பாவுடையது இல்லை.

“புரியலப்பா... அப்பா!”

கோட்டு நழுவி விழுந்தது. அதை எடுத்து மடித்தபடியே சொன்னார். “எங்கப்பாவுக்குப் படிப்பு கெடையாது. பூட்டான்ல ஜனக் கணக்கெடுக்க வந்த ஆபீசருக்கு நான்தான் பதில் சொன்னேன். ஒண்ணுகூட தப்பில்ல. ‘உங்க தாத்தா எங்கேருந்து வந்தாரு?’ன்னான். நேபாளத்துலேருந்துன்னு அதையும் சரியாத்தான் சொன்னேன். கெட்டிக்காரப் பையன்னு முதுகுல தட்டினான். அப்புறம் எங்கள நாட்ட விட்டே வெளிய போகச் சொல்லிட்டாங்க.”

அப்படியானால் அவருக்குப் பதில் மறக்கவில்லை. சரியான பதிலைச் சொல்லத்தான் பயம்.

பிப்ரவரி 15

என்ன தோன்றியதோ, “என்கிட்ட வேணாம்பா. அவர்கிட்டயே சொல்லுங்க” என்றேன். அட்டைகளோடு அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அப்பா அதைப் பார்த்து ஒவ்வொரு பதிலாகச் சொன்னார். அத்தனையும் சரி. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

கடைசிப் பதிலின்போது, நான் பிடித்திருந்த நாற்காலி என் பக்கம் லேசாகச் சாய்ந்தது. யாரோ திருப்தியாக முதுகைச் சாய்த்தது போல.

அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 3

பாஸ்!

காரில் அப்பா வாய் ஓயாமல் பேசினார். அதிகாரி சின்னப் பெண்ணாம், அவளுக்கு ஜலதோஷமாம். “பயமா இல்லையாப்பா?”

“இல்லம்மா. இந்தத் தடவை அவன் வரல. வீட்டுலயே தங்கிட்டான் போல.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

மார்ச் 8

அப்பாவே நாற்காலியை எடுத்து மேசையருகே போட்டு, அதில் உட்கார்ந்து மிளகாய்க் குழம்பும் சோறும் இரண்டு தட்டு சாப்பிட்டார். நடுவில் நிமிர்ந்து, “மேனுகா, அங்க யாரப் பாக்குற?” என்றார்.

“எங்க?” என்றேன்.

மார்ச் 19

நாளை அப்பா உறுதிமொழி எடுக்கிறார். வெள்ளைச் சட்டையை இரண்டு முறை தேய்த்துவிட்டார்.

எனக்கும் இதே குடியுரிமைத் தேர்வு ஏப்ரலில். மதியம் தனியாக இருந்தேன். அட்டையை மூடிவைத்துப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அந்தக் கேள்வி வந்தது. அதே மொழி. மறுபடி, மறுபடி. இப்போது அதன் ஓசை எனக்கு மனப்பாடம். அர்த்தம்தான் தெரியவில்லை.

ஆபீசர் ஐயா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். நாளை அப்பாவோடு போகாதீர்கள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டார். இங்கேயே இருங்கள். நாற்காலியை நானே எடுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. எனக்குப் புரிகிற மொழியில் கேளுங்கள்.