முதுகைக் காட்டி உட்கார்ந்தவன்

ஜூன் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கையின் முழங்கால் வலி தேவலையா? நேரில் சொல்லத் துணிவு வராது என்பதால் வரிசையாக எழுதுகிறேன்:

1. மன்னிப்புக் கடிதம்
2. காப்பகத்தில் நான் கண்டது
3. தடகளச் சங்க ஒழுங்குக் குழுவில் என் வாக்கு

முதலாவது. நீங்கள் பயிற்சி கொடுக்கும் நீளத்தாண்டல்காரன், உங்கள் 'தவளை', குழுவுக்கு அனுப்பிய கடிதம் அவன் எழுதியதல்ல. 'வாயில்லா ஜீவன் அனுபவித்த வேதனை' என்றெல்லாம் அவனுக்கு வராது. முப்பத்தாறு வருடம் கணக்கு விடைத்தாள் திருத்தியவன் நான். பார்த்து எழுதியது தெரியும். எழுதிக் கொடுத்தது நீங்களோ என்று சந்தேகம். தங்கை கணவரைச் சந்தேகிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இரண்டாவது. மணற்குழியில் தூங்கிய நாயை உதைத்துக் காலை முறித்ததற்காக அவனை ஓராண்டு விலக்கினோம். வியாழன்தோறும் நாய்க் காப்பகத்தில் வேலை செய்யச் சொன்னோம். சென்ற வியாழன் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். கூண்டுகளைக் கழுவினான். பிறகு அதே நாயின் கூண்டுக்குள் போய், அதற்கு முதுகைக் காட்டி முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். நாய் மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேர்வறையில் கண்ணைத் தவிர்த்தவன் எவனும் யோக்கியனாக இருந்ததில்லை.

மூன்றாவது. ஓராண்டு முடிகிறது. திரும்பச் சேர்ப்பதா, ஆயுளுக்கும் விலக்குவதா? குழு இரண்டுக்கு இரண்டாக நிற்கிறது. பதினாறாம் தேதி என் வாக்கு விலக்குக்கே. பிசகியிருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

ஜூன் 7

மச்சானுக்கு வணக்கம்.

முழங்கால் ஓய்வில் இருக்கிறது, வாய்தான் இல்லை. "எங்கண்ணன் எறும்புகிட்டயும் அடையாள அட்டை கேக்கும்" என்று சிரிக்கிறாள்.

கடிதம் நான் எழுதியதுதான். பிடித்துவிட்டீர்கள். தவளை கொண்டுவந்தது இரண்டே வரி: 'உதைச்சேன். அது தூங்கிட்டு இருந்துச்சு.' "இதை நீட்டினா உன்னை ஒழிச்சுக் கட்டிருவாங்கடா" என்று நான்தான் ஜோடித்தேன்.

முதுகு விஷயத்தைக் கேட்டால், "விடுங்க மாஸ்டர்" என்கிறான். அங்கே சோறு வைக்கும் அம்மாவைக் கேளுங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
கையும் களவுமாகப் பிடிபட்ட மாப்பிள்ளை

ஜூன் 13

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்றுப் போனேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்குத் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னது நீங்கதானே? நாய் திருட வந்த ஆளுன்னு நெனச்சேன்."

தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மிரண்ட நாயை நேராப் பாத்தா இன்னும் மிரளும் சார். முதுகைக் காட்டி உக்காருன்னு நான்தான் சொன்னேன். மத்தவங்க ரெண்டு வாரத்துல விட்டுருவாங்க. இவன் பதினோரு மாசமா உக்காந்திருக்கான்."

இந்த முறை நான் நாயைக் கவனித்தேன். அரை மணி கழித்து அது மூன்று காலில் நொண்டி வந்து அவன் சட்டை ஓரத்தை மோந்தது. அவன் தோள் விறைத்தது, திரும்பவில்லை. எங்கோ ஒரு வாளி உருண்டது. நாய் மூலைக்கு ஓடிவிட்டது. அவன் அசையவில்லை.

அந்தக் கால் இனி நேராகப் போவதில்லை. ஆகவே மன்னிப்பு என்ற சொல்லைக் கூட்டத்தில் எடுக்க மாட்டேன். அவன் திரும்பத் தாண்டட்டும் என்று மட்டும் சொல்வேன். உங்கள் ஜோடனையைக் கிழித்துவிட்டு அவனுடைய இரண்டு வரியை அனுப்புங்கள், அதைத்தான் வாசிப்பேன். நாலு பேர் முன் எழுந்து பேச எனக்குத் துணிவு போதாது. வாசலில் வந்து நில்லுங்கள்.

என் முதல் குறிப்பு சரி. இரண்டாவது தவறு.

மைத்துனன்