பயிற்சியாளனோடு ஒரே வீட்டில்

ஜனவரி 14, கோலின் நகரம்

காலையிலிருந்து பனி. உள்ளரங்கில் பயிற்சிப் பந்தை இருநூறு முறை சுவரில் எறிந்தேன். தோள் நன்றாக இருக்கிறது. மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை.

போன பருவத்தில் ஒன்பது போட்டிகள். ஆறில் ஐம்பத்தொன்பது மீட்டர் சொச்சம். ஈட்டி அறுபதைத் தொட மாட்டேன் என்கிறது. எனக்கு முப்பது முடிந்துவிட்டது. லூபோஷ் என் பயிற்சியாளன், என் கணவனும்கூட. பதினோரு வருடமாக இரண்டும் அவன்தான்.

ஜனவரி 20

இரவுச் சாப்பாட்டில் பருப்பு, அவித்த முட்டை, ஊறுகாய் வெள்ளரி. முட்டையை வெட்டிக்கொண்டே, "இன்னைக்கு இடது கால் மடங்கிச்சு, பாத்தியா?" என்றான்.

"சாப்பிடும்போதாவது விடேன்."

"நான் விட்டா வேற யாரு சொல்லுவா?"

நேற்று என் பிறந்தநாள். பரிசு என்ன? எறியுமுன் நான் ஓடும் ஓட்டத்தை எட்டு எட்டாக நிறுத்திக் காட்டும் வீடியோ.

பிப்ரவரி 3

ஓட்டத்தில் இரண்டு எட்டு குறைத்துப் பார்க்கலாமா என்று லூபோஷிடம் கேட்டேன்.

"வேணாம். பதினோரு வருஷமா இப்படித்தானே ஓடுது?"

ஓடுகிறதா? தேங்கி நாறுகிறது!

பிப்ரவரி 19

பல் வைத்தியரிடம் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, பர்துபிட்சேவுக்கு ரயில் ஏறினேன். ட்ரஹோமீராவைப் பார்க்க. ஒரு காலத்தில் என்னோடு எறிந்தவள், இப்போது பயிற்சி தருகிறாள்.

"வாடி பிளாங்கா! என்னை ஜெயிச்சிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போனவ, இப்ப எதுக்கு வந்தே?"

ஐந்து முறை எறியச் சொன்னாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள்: "ஒவ்வொரு தடவையும் ஓடறதுக்கு முன்னாடி யாரைத் திரும்பிப் பாக்கறே?"

யாரை? லூபோஷ் அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

இனி ட்ரஹோமீராகிட்டதான் பயிற்சின்னு லூபோஷ்கிட்ட சொல்லணும். எப்படி?

மார்ச் 2

சொன்னேன்.

"பல்லுன்னு சொன்னப்பவே தெரியும்," என்றான். "உனக்கு ஒரு பல்லுகூட கெட்டதில்ல." பிறகு, மெதுவாக: "அப்ப நான் இந்த வீட்ல யாரு?"

என்ன பொம்பள நான்? புருஷன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கிப் போய்விட்டான்.

மார்ச் 9

தன் அண்ணன் வீட்டில் இருக்கிறானாம்.

மார்ச் 17

வந்துவிட்டான். காலை வணக்கம், உப்பு எங்கே, இரவு வணக்கம். அவ்வளவுதான் பேச்சு.

மே 30

இன்றைய போட்டியில் ஐம்பத்தேழு மீட்டர். மூன்று வருடத்தில் இவ்வளவு மோசமாக எறிந்ததில்லை. 'சொன்னேன்ல' என்பான் என்று காத்திருந்தேன். சூப்பைச் சூடு பண்ணி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டான். திட்டியிருக்கலாம் — இது அதைவிட வலித்தது. நான் செய்தது தப்போ?

ஜூன் 22

தேசியப் போட்டி. மூன்றாவது எறிதல். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். அறுபத்தொரு மீட்டர், முப்பத்துநாலு சென்டிமீட்டர்! வெள்ளிப் பதக்கம்.

ட்ரஹோமீரா தோளில் குத்தினாள். "மேல கேலரில உன் ஆளு டிக்கெட் வாங்கி உக்காந்து அழுதுட்டிருக்கார். போடி, போய்ப் பாரு."

ஓடினேன். இருக்கை காலி.

வீட்டுக்கு வந்தபோது அவன் அடுப்படியில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 7

லூபோஷோடு காளான் பறிக்கப் போனேன். மழை ஈரம், பைன் வாசனை. கூடை பாதி நிறைந்திருந்தபோது நின்றான்.

"ஜூன்ல நீ எறிஞ்சதப் பத்தி ஒண்ணு கேக்கட்டா?"

மறுபடியும் ஆரம்பிக்கிறான். கால், முழங்கை, கோணம்... எதுவோ. "கேளு."

"பயமா இருந்துச்சா?"

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை அவன்.

"இருந்துச்சு," என்றேன். "எப்பவுமே இருக்கும்."

கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தான்.