அப்பா காத்திருக்கும் குரல்

லிமோஜ்
ஜூன் மாதம், சனிக்கிழமை

அன்புள்ள தம்பி ரெமிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமா? நூமேயாவில் குளிர் தொடங்கியிருக்கும். தபால் வந்துசேரும் வரை பொறுக்க முடியாது என்பதால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். இங்கே செர்ரி பழுத்துவிட்டது. முதியோர் இல்லத்தில் நேற்று செர்ரி கேக் கொடுத்தார்களாம். அப்பா தொடவே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் வானொலியில் வேலைநிறுத்தம். புத்தகம், நாடகம், நம்மூர்ப் பாட்டு என்று மதியம் நான் பேசும் நிகழ்ச்சியைக் கோடை முடிந்ததும் நிறுத்திவிட்டு, பாரிஸிலிருந்து வருவதையே வாங்கி ஒலிபரப்பப் போகிறார்களாம். அரசு வானொலியில் வேலைநிறுத்தம் என்றால் உனக்குத் தெரியுமே. மன்னிப்புக் கேட்டு ஓர் அறிவிப்பு, பிறகு ஓயாமல் பாட்டு.

அப்பாவுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டே போகிறது. மதியம் வானொலிப் பெட்டியில் என் குரல் வந்தால்தான் கரண்டியை எடுப்பார். அது வராததால் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தாம்பா, ஓதீல்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "கொஞ்சம் சும்மா இருங்கம்மா, எம் பொண்ணு பேசப் போறா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. பிறகு வாசலில் நின்று அழுதேன்.

அவரைக் கவனித்துக்கொள்ளும் ஃபத்தூ, "பழைய ஒலிப்பதிவு ஏதாவது போட்டுப் பாருங்கக்கா" என்றாள். யோசிக்காமல் போட்டேன். முகம் மலர்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். வெளியே பனி கொட்டுகிறது என்று நான் சொல்லும் இடம் வந்தது. அப்பா ஜன்னலைப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கரண்டியை வைத்துவிட்டார். வானொலிக்காரர் யாராவது இறந்துபோனால் நாள் முழுக்கப் பாட்டு, நடுவில் அவருடைய பழைய நிகழ்ச்சி. அந்த வழக்கம் மட்டும் அப்பாவுக்கு மறக்கவில்லை. "போயிட்டாளா? எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்றார். என் கையையே பிடித்துக்கொண்டு, "நீங்க அவகூட வேல பாத்தவங்களா? கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து வெறும் காப்பிதான். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்கிறார் மருத்துவர்.

ஒரே ஒரு நாள் பேசிவிட்டு வரட்டுமா என்று சங்கத் தலைவர் யான்னிக்கிடம் கேட்டேன். "உங்கப்பாவ நெனச்சா எனக்கும் வயிறு எரியுது. ஆனா நீயே கருங்காலி ஆயிட்டா, உன் நிகழ்ச்சிக்காகத் தெருவுல நிக்கிறோமே, நாங்கெல்லாம் கேனையனுங்களா?" என்றார். கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். இன்று நான் பேசினால் போராட்டம் உடையும். உடைந்தால் செப்டம்பரிலிருந்து அந்தப் பெட்டியில் என் குரலே இருக்காது. அப்போது அப்பாவுக்கு எதைக் கொடுப்பேன்?

திங்களன்று கைதூக்கி வாக்கெடுப்பு. போராட்டம் தொடரட்டும் என்றுதான் தூக்கப் போகிறேன். பயமாக இருக்கிறது.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. இப்போதும் என்னோடு பேசச் சொல்லிக் கேட்கவில்லை. நீ ஃபோனில் கூப்பிட்டால் மட்டும் அப்பா உடனே அடையாளம் கண்டுகொள்கிறார் என்று ஃபத்தூ சொன்னாள். இங்கே மதியம் என்றால் உனக்கு இரவு, தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுக்கொள். அவர் சாப்பிட உட்காரும் நேரத்தில் கூப்பிட்டு, அக்கா உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல். நேற்றுகூட அவளோடு பேசினேன் என்று சேர்த்துச் சொல், அப்போதுதான் நம்புவார்.

அப்பாவிடம் பொய் சொல்ல உனக்கு மனம் வராவிட்டால், என் எண் மாறவில்லை.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
ஓதீல்