வெட்டாத நோட்டீஸ்

என் அன்பான அப்பாவுக்கு மகள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே அம்மா, சித்தப்பா, நான், அச்சு மெஷின் நால்வரும் நலம். உங்கள் நெஞ்சுத் தையல் நன்றாக ஆறிவிட்டது என்று, உங்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அத்தை போனில் சொன்ன பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத அம்மா சம்மதித்தார். இத்தனை நாள் போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்களும் சந்தேகத்தோடு "ம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் உங்களுக்குத் திடுக்கிடும் செய்தி எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் முடிவை இப்போதே எழுதிவிடுகிறேன். அச்சகம் திறந்திருக்கிறது. யார் மீதும் வழக்கு இல்லை. தெருக்குழாய் தெருவிலேயே இருக்கிறது. இனி கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டு நிதானமாக மேலே படியுங்கள். அத்தை, இந்தக் கடிதத்தை நீங்கள்தான் முதலில் பிரிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் வணக்கம். எந்தத் தாளையும் எடுத்து ஒளித்துவிடாதீர்கள், எல்லாவற்றிலும் பக்க எண் போட்டிருக்கிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் தண்ணீர்க் கம்பெனி மேனேஜர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே வந்து தேர்தல் நோட்டீஸ் வேலை கொடுத்தாரே, எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. நம் வார்டில் பல் டாக்டரும் லாரிக்காரரும் கவுன்சிலர் பதவிக்கு எதிரெதிராக நின்றார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆனால் இருவருடைய நோட்டீஸுக்கும் முன்பணம் வந்தது ஒரே பையிலிருந்து. "இந்த வேலை நமக்கு வேணாங்க" என்று அம்மா சொன்னதும், நீங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் பாடம் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பணம்தான் உங்கள் ஆபரேஷனுக்குக் கட்டப்பட்டது. அதனால்தான் அம்மா பிறகு தடுக்கவில்லை.

நீங்கள் போன பிறகு வழக்கம்போல் நான்தான் இரண்டு நோட்டீஸையும் பிழை பார்த்தேன். பல் டாக்டருடையதில் "பணத்துக்கு வளையாத கை" என்றும், லாரிக்காரருடையதில் "யாருக்கும் கடமைப்படாத நெஞ்சு" என்றும் கொட்டை எழுத்தில் இருந்தது. தேர்தல் நோட்டீஸுக்குக் காசு கொடுத்தவர் யார் என்பதை அடியில் போட வேண்டும் என்பது சட்டமாயிற்றே. இரண்டிலும் எறும்பு அளவு எழுத்தில் "நன்னகர் நண்பர்கள் குழு, கடைத்தெரு, மூன்றாம் மாடி" என்று இருந்தது. அந்த மூன்றாம் மாடியில் இருப்பது தண்ணீர்க் கம்பெனி என்பது ஊருக்கே தெரியும். லாரித் தண்ணீர் வராவிட்டால் எல்லாரும் அங்கேதான் போய்ச் சண்டை போடுகிறார்கள். தெருக்குழாய்களை எல்லாம் அந்தக் கம்பெனி கையில் கொடுத்து மீட்டர் மாட்டுவதா என்பதைப் புது கவுன்சில்தான் முடிவு செய்யப்போகிறது என்பதும் தெரியும். நான் ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா என்னைப் பார்க்காமலேயே, "பிழை இல்லேல்ல? அப்போ பேசாம குடுத்துடு" என்றார். இரண்டு நோட்டீஸும் ஒரே வீட்டுக்கு ஒன்றாகப் போகப்போவதில்லை. டாக்டருடையது ஒரு நாள் செய்தித்தாளோடு போகும், லாரிக்காரர் ஆட்கள் வேறொரு நாள் கொடுப்பார்கள். எறும்பு எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு சின்ன வேலைகளை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி அடித்து, பிறகு நடுவில் வெட்டுவது நம் அச்சக வழக்கம். தாள் வீணாகக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். ஆனால் எதிராளிகள் இருவரை நீங்கள் ஒருநாளும் ஒரே தாளில் ஏற்றியதில்லை. சித்தப்பா ஏற்றிவிட்டார். கேட்டதற்கு, "ஆர்டர் குடுத்தது ஒரே ஆளு, பணம் ஒரே பணம். அண்ணன் இருந்தா இதைத்தான் பண்ணியிருப்பாரு" என்றார். அடித்து முடித்ததும் கரண்ட் போய்விட்டது. வெட்டும் மெஷின் ஓடவில்லை. காலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று அதை ஓட்டும் கத்தி மாமா எல்லாவற்றையும் பழுப்புத் தாளில் கட்டி வைத்தார்.

நம் அச்சகத்தில் கதவுக்கு வலப்பக்கம் இருந்தால் வேலை பாக்கி, இடப்பக்கம் இருந்தால் எடுத்துப் போகலாம் என்று அர்த்தம். கத்தி மாமாவும் ஒழுங்காக வலப்பக்கம்தான் வைத்தார். ஆனால் மழை வந்தது. வலப்பக்க ஓடு ஒழுகும் என்பது உங்களுக்குத் தெரியும் (வருடா வருடம் மாற்றப்போவதாகச் சொல்வீர்கள்). தாள் நனைந்துவிடுமே என்று மாமா கட்டுகளைத் தூக்கி இடப்பக்கம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விடியற்காலையில் பேப்பர் ஏஜெண்ட், நோட்டீஸ் எடுக்க நாம் கொடுத்திருக்கும் சாவியால் கதவைத் திறந்தார், இடப்பக்கம் இருந்ததை எடுத்தார், இருட்டில் டாக்டர் நோட்டீஸ் என்று நினைத்துச் செய்தித்தாளுக்குள் செருகி வார்டு முழுக்கப் போட்டுவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு அகலமான நோட்டீஸ். இடப்பக்கம் பல் டாக்டர் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். வலப்பக்கம் லாரிக்காரர் கை கூப்புகிறார். அவர் டாக்டரைத்தான் கும்பிடுகிறார் என்பதுபோல் அப்படிப் பொருந்தியிருந்தது. இஸ்திரிக் கடைக்காரர் தாளை நடுவில் மடித்து மடித்துப் பிரித்து, இருவரையும் முட்டிக்கொள்ள வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எதிர்வீட்டு பஸ் கண்டக்டர் அக்கா அடியில் இருந்த எறும்பு எழுத்தைப் படித்தார். டிக்கெட்டில் சின்ன எழுத்தைப் படித்துப் பழகிய கண்ணாயிற்றே. இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை, உரக்கப் படித்தார். "மூன்றாம் மாடி. இங்கேயும் மூன்றாம் மாடி" என்றார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. 

அன்று மாலையே மேனேஜர் வந்தார். நான் தாள் அடுக்குக்குப் பின்னால் இருந்தேன். அவர் கத்தவில்லை, அப்பா. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் போதும் என்று மிக மெதுவாகச் சொன்னார். அந்த முகவரி அச்சகத்தின் கவனக்குறைவால் இரண்டிலும் தவறாக விழுந்துவிட்டது, வருந்துகிறோம் என்று மட்டும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுக்க வேண்டும், இனிக் கடைத்தெருவில் எவரும் நமக்கு வேலை தரமாட்டார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வீட்டுக்காரர் உடம்பு இப்போ எப்படிம்மா?" என்று கேட்டார்.

"நடக்க ஆரம்பிச்சுட்டாரு" என்றார் அம்மா. அன்றைக்கு நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

சித்தப்பா அம்மாவிடம், ஒரு வரிதானே அண்ணி, போட்டுத் தொலைத்துவிடலாம் என்று கெஞ்சினார். அம்மா மேஜை மேல் சிந்தியிருந்த மையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது காய்ந்த மை, போகவே போகாது. பிறகு மேனேஜரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெட்டாம விட்டது எங்க தப்பு. அதைக் கொட்டை எழுத்துல போட்டு மன்னிப்புக் கேக்கறேன். ஆனா எழுத்துல தப்பு இல்லைங்க. அதை என் பொண்ணு படிச்சுப் பார்த்திருக்கா."

அப்பா, நான் எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன். இதைப்போல ஒன்றும் இல்லை. அதே சமயம் தாள் அடுக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அச்சகத்தை மூடிவிடுவார்கள், நீங்கள் திரும்பி வரும்போது பூட்டைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைத்து அழுகை வந்தது. முன்பணம் அந்த வாரமே போய்விட்டது. எப்படிக் கட்டினோம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். மேனேஜர் சொன்னபடியே கடைத்தெரு வேலைகள் நின்றன. மெஷின் சும்மா கிடந்தது. கத்தி மாமா தினமும் வந்து, வெட்டும் மெஷினைத் துடைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவார். ஒரு நாள் நானே அவரிடம் போய், நீங்கள் வெட்டாமல் விட்டதுதான் நல்லது மாமா என்றேன். "ஏன் கண்ணு, முப்பது வருஷமா வெட்டினதெல்லாம் கெட்டதா?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அவர் இங்கே டீ குடித்தார்.

நிலைமை மாறியது பல் டாக்டரால்தான். அவர் ஒன்றும் பெரிய தியாகி இல்லை என்று அம்மா சொல்கிறார். ஆனால் அவரிடம் போகிறவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்களாம். அவர் "ஆ காட்டுங்க" என்றால், "மொதல்ல நீங்க வாயைத் திறங்க டாக்டர். யார் வீட்டுப் பணம் அது?" என்கிறார்களாம். தாங்க முடியாமல் ஒரு சாயங்காலம் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார். காதெல்லாம் சிவந்திருந்தது. என் கையில் ஒரு பைசாகூடத் தரவில்லை, செலவை மட்டும் பார்த்துக்கொண்டார்கள், அதைத் தப்பென்று நினைக்கவில்லை, இப்போது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ரசீதைக் காட்டினார். லாரிக்காரரும் வந்திருந்தார். அவருக்குக் கூச்சமே இல்லை. காசில்லாமல் தேர்தலா, டீசல் போடாமல் லாரி ஓடுமா என்று கேட்டார். நிறையப் பேர் தலையாட்டினார்கள், அதையும் எழுத வேண்டும்.

அப்போது கண்டக்டர் அக்கா எழுந்தார். "ஓடாதுண்ணே. ஆனா டீசல் போடறவங்க சொல்ற ஊருக்குத்தானே உங்க லாரி போகும்? எங்களை எதுக்கு ஏறச் சொல்றீங்க?" என்றார்.  லாரிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

டாக்டர் ஜெயித்தார், நூலிழையில்தான். முதல் கவுன்சில் கூட்டத்துக்கு அம்மா என்னையும் அழைத்துப் போனார். பார்வையாளர் பெஞ்சு ஆடிக்கொண்டே இருந்தது. டாக்டர் இரண்டு தீர்மானம் கொண்டுவந்தார். தேர்தலுக்கு ஒரு கம்பெனியிடம் பணம் வாங்கியவர் அந்தக் கம்பெனி விஷயத்தில் ஓட்டுப் போடக் கூடாது. இனி ஒவ்வொரு வார்டிலும் எல்லா வேட்பாளர்களையும் கவுன்சில் செலவில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும், அவரவருக்குப் பணம் கொடுத்தவர் பெயர் அவரவர் பெயர் அளவு எழுத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு பேர் போன் வந்ததுபோல் வெளியே போய்விட்டார்கள்.  தலைவர் இரண்டு தடவை எண்ணினார். இரண்டும் நிறைவேறின. குழாய் விஷயம் ஓட்டுக்கு வந்தபோது, மற்ற வார்டுகளில் கம்பெனியிடம் வாங்கி ஜெயித்தவர்கள் நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி தோற்றது. அம்மா என் கையை இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்தார் என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது. வரும் வழியில் குழாயடியில் நின்று முகம் கழுவினார், அப்புறம் காரணமே இல்லாமல் என் முகத்தையும் கழுவிவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மேனேஜர் இன்னும் அதே கண்ணாடியோடுதான் போகிறார். வேறு ஏதாவது வழி கண்டுபிடிப்பார் என்று அம்மா சொல்கிறார். ஆனால் கடைத்தெரு வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. பக்கத்து வார்டு இடைத்தேர்தலுக்கான ஒரே தாள் வேலையைக் கவுன்சில் நமக்கே கொடுத்திருக்கிறது. குறைந்த விலை கேட்டது நாம்தான், வேறு காரணம் இல்லை. ஏழு வேட்பாளர்கள், ஒரே தாள். கத்தி மாமா அதைத் தொடப் பயப்படுகிறார். "இதை வெட்டணுமா வேணாமான்னு எழுதிக் குடுத்துடு கண்ணு, நீ பெரிய ஆபீசர்" என்கிறார்.

இனி வண்டி விஷயம். நீங்கள் அனுப்பிய கடிதத்தில், சித்தப்பா உங்கள் பைக்கைத் தினமும் ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். செய்யவில்லை அப்பா. முன்பணத்தைத் திருப்பிக் கட்ட அதை விற்றுவிட்டோம். மீதிக்குச் சித்தப்பா தன் சேமிப்பைப் போட்டார். இதை எழுத வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அம்மா சொன்னார். ஆனால் நீங்கள் வாசலுக்கு வந்ததும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பீர்கள். அப்போது அம்மா உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் முன்பே தெரிந்துகொண்டு வந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அன்று அந்தப் பணத்தை வாங்கியதற்காக அம்மாவுக்கு உங்கள் மேல் கோபமே இல்லை. இதையும் அவர் எழுதச் சொல்லவில்லை.

தினமும் நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கடைத்தெரு வரைக்கும் நான் கூட வருகிறேன், மெதுவாகவே போகலாம். உங்கள் செருப்பைத் துடைத்து, அச்சகக் கதவுக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் நலமாக வந்து சேருங்கள்.

உங்கள் கையால் தலையில் ஒரு தட்டுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மகள்