மருமகன் கழற்றி வைத்த வாட்ச்

786
பாலக்கரை, திருச்சி
12-9-1961

அன்பு மகன் நசுருதீனுக்கு உன் அம்மா ஷரபுன்னிசா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் இங்கே சுகம். பினாங்கில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது, ராத்திரி தூங்குகிறார். உன் தங்கை நஜீமாவுக்கு இது நாலாம் மாதம், வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, புளிச்சோறு மட்டும் கேட்கிறாள்.

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றை எழுத எனக்கு வராது. நஜீமா கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கென்று நீ அனுப்பிய சுவிஸ் வாட்ச் போன வாரம் நின்றுவிட்டது. மருமகன் ஜெகபர் அலி ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர், வாட்ச் இல்லாமல் அவருக்கு ஆகாது. காரண்டி இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று வாட்சோடு நீ வைத்து அனுப்பிய காரண்டிக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, மலைக்கோட்டைப் பக்கம் அந்தக் கம்பெனி வாட்ச் விற்கிற கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வாட்சுல ஒரு நம்பர் இருக்கு, காகிதத்துல வேற நம்பர் இருக்கு, இது வேற வாட்சோட காரண்டிங்க, எங்களால ஒண்ணும் செய்ய முடியாது என்றாராம். அதோடு விட்டாரா, திருட்டு வாட்சையும் இப்படித்தான் வேறு காகிதம் வைத்து விற்பார்கள், கொடுத்தவங்களைக் கேட்டுப் பாருங்க என்று நாலு பேர் நிற்கும்போதே சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே மருமகன் வந்து வாட்சை என் முன்னால் வைத்தார். மாமி, இது யாரோடதுன்னு தெரியாம இதைக் கட்டிக்கிட்டு நான் தொழ நிக்க மாட்டேன், மச்சான் தெரிஞ்சு அனுப்பினாரா தெரியாம அனுப்பினாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்றார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். நஜீமா கதவோரம் நின்று அழுதாள். அண்ணனை விட்டுக்கொடுப்பாளா, புருஷனை விட்டுக்கொடுப்பாளா?

பழைய வாட்ச் வாங்கியது குற்றமில்லை, அதை நீ மறைக்கவும் இல்லை. சேக் மைதீன் ஊருக்குப் புறப்படும்போது விற்றது, நம்ம பாலக்கரைப் பையன்தான், காரண்டியெல்லாம் நானே பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். எதையடா பார்த்தாய்? கத்திரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் பெற்ற பிள்ளைக்கு, ஊர்க்காரன் என்றதும் மூடியைத் திறக்கச் சொல்ல வாய் வரவில்லையா? இனிமேல் யார் விற்றாலும் திறந்து நம்பரைக் காகிதத்தோடு ஒத்துப் பார். தேதி முடிந்துவிட்டதா, கடை முத்திரை இருக்கிறதா என்று பார். அந்தக் கடைக்கே போய், கை மாறினாலும் காரண்டி செல்லுமா என்று ஒரு வார்த்தை கேள். கேட்டால் முகம் சுளிக்கிறவனிடம் வாங்காதே.

வாட்சின் நம்பரை மருமகன் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததை இதற்குள் வைத்திருக்கிறேன். காகிதத்தில் முத்திரை போட்டிருக்கிற அந்த பினாங்குக் கடையில் விசாரி. சேக் மைதீன் இங்கேதான் இருக்கிறான் என்றாலும் நான் போய்க் கேட்டால் தெருவெல்லாம் தெரிந்து அத்தா காதுக்கும் போய்விடும், அவனுக்கு நீயே எழுதிக் கேள். யாராவது பறிகொடுத்த பொருள் என்றால் அவர் கைக்கே போய்ச் சேரவேண்டும். புது வாட்ச் வாங்கி அனுப்பி இதை மூடிவிடலாம் என்று நினைக்காதே, நான் வாங்கி வைக்க மாட்டேன்.

மழையில் நனையாதே, ஜும்ஆத் தொழுகையைத் தவறவிடாதே. அத்தாவுக்கு இந்த விஷயம் தெரியாது, பதிலை என் பேருக்கே போடு. மருமகனிடம் அன்றைக்கே, என் மகன் ஏமாந்திருப்பான், ஏமாத்தியிருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டேன். உங்க வார்த்தை போதும் மாமி என்று எழுந்து போனார். உன்னைக் கேட்காமல் கொடுத்த வார்த்தை, அதற்குப்பிறகு எனக்குத் தூக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுது. நான் சொன்னது பொய்யென்றாலும் எழுது, ஸ்ரீரங்கத்துக்கு நானே போய் அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். அல்லாஹ் உன்னை நேர்வழியில் நிறுத்தி வைப்பானாக.

துஆவுடன்,
உன் அம்மா
ஷரபுன்னிசா