வீட்டுவானில் என்னென்ன இல்லை

ஓல்டன், சுவிஸ்
ஜூன் 14

அன்பு மகள் கோசலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மெல்பேர்னில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நீயோ மேற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவள், சளி காய்ச்சல் அண்டாமல் அம்மன்தான் உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் இருக்க இதென்ன கடிதம் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு பெருவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், இது அப்படி முடிகிற விஷயம் இல்லை, ஆறுதலாக இருந்து வாசி.

போன மாதம் கதைத்தபோது உங்கள் கம்பனியில் உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணம் போகிற வோன்மொபில் ஒன்று புதிதாக வரைகிறோம், வைத்திருக்கிற ஆட்களிடம் குறை கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னாய். அப்பா, நீங்களும் உங்கட வானுக்குள்ளை என்னென்ன இல்லையெண்டு எழுதித் தாங்கோ என்றாய். அன்று தொடக்கம் எனக்குக் கால் நிலத்தில் இல்லை. இருபத்து நான்கு வருடம் வேலை செய்த இடத்தில் ஒருத்தரும் என்னிடம் ஒரு குறையும் கேட்டதில்லை. ஓய்வு எடுத்த கையோடு நான் வாங்கின அந்தப் பழைய வோன்மொபிலுக்கு அம்மா வீட்டுவான் என்று பெயர் வைத்தது உனக்குத் தெரியும்தானே, அதற்குள் குறை எழுத ஒரு கொப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். உன் அப்பாவுக்கு இப்ப எஞ்சினியர் எண்டு நினைப்பு என்று அம்மா போகிற வருகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறார்.

சரி, எழுதிக்கொள். முதலில் கக்கூஸ். மனிதர் தண்ணீரால் கழுவுவார்கள் என்பது இவ்வளவு மூளை போட்டுக் கட்டினவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த அலுமாரி அளவு இடத்துக்குள் தண்ணீர்ப் பேணியும் கையுமாகத் திரும்புவதற்கு யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும், ஒரு சின்னக் கைக்குழாய் வைத்தால் புண்ணியமாகப் போகும். அடுத்தது செருப்பு. வாசலில் கழற்றி வைக்க ஒரு தட்டு இல்லை, வெளியில் விட்டால் மழையில் ஊறுகிறது, உள்ளே கொண்டுவந்தால் அம்மா என்னையும் சேர்த்து வெளியே விடுகிறார். வாசல் படியோ ஒன்றே ஒன்று, அதுவும் முழங்கால் உயரம், உதிலை ஏற எனக்கு ஏணியெல்லோ வேணும் என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லாமல் ஏறுவதில்லை, இரண்டு படி வையுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றாடி இருந்தும் இல்லாத மாதிரி. சோலோதுர்னில் ஆற்றோரம் நின்றபோது அம்மா சம்பலுக்குச் செத்தல் மிளகாய் பொரித்தார், புகை அலாரம் ஊரைக் கூட்டியது, பக்கத்து வாகனத்து ஷாஃப்ஹவுசன் ஊர்க்காரி தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். நெருப்பு இல்லை, சம்பல் என்று விளங்கப்படுத்தி, பிறகு அவரையும் சாப்பிட இருத்தினோம். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தன் குறையையும் எழுதச் சொன்னார், தண்ணீர்த் தொட்டி முடிகிற வரைக்கும் லைட் பாதி இருக்கிறது என்றே காட்டுகிறதாம். உண்மைதான், நான் தலை நிறையச் சவர்க்காரத்தோடு நின்ற கதையை அம்மா உனக்கு முன்பே சொல்லியிருப்பார். ஆகவே அடுப்பை வெளியே இழுத்து வைத்துச் சமைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடும், பொய் சொல்லாத ஒரு அளவுகோலும் வேண்டும்.

இதெல்லாம் சின்னக் குறை. பெரிய குறை என்னவென்றால் நாலு பேர் படுக்கலாம், இரண்டு பேர்தான் இருந்து போகலாம். வாங்கும்போது ஜேர்மன் விளம்பரத்தில் நாலு இடம் என்று கண்டேன், நாலு பேர் போகிற வான் என்று சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டேன். அது நாலு படுக்கை இடம் என்று பிறகுதான் தெரிந்தது. பெல்ட் உள்ள இருக்கை முன்னால் இரண்டு மட்டும். படுக்க இடம் தந்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போக இடம் தராத வாகனத்தை எந்தப் புத்திசாலி வரைந்தான் என்று உன் ஆட்களிடம் கேள். ஆறு வருடத்துக்குப் பிறகு நீ ஆகஸ்டில் வருகிறாய், உன்னை ஏற்றிக்கொண்டு மூன்று பேருமாக ஊர் சுற்றத்தான் இதை வாங்கினேன். ஒரு ஜேர்மன் சொல்லைப் பாதி வாசித்துவிட்டு முழுதாக முடிவெடுப்பது எனக்கு இது முதல் தரம் இல்லை, பிள்ளை.

ஆறாம் வகுப்பில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாய். வகுப்போடு ஐந்து நாள் மலைப்பக்கம் போய்த் தங்குவதற்குப் பெற்றோரின் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். அதில் கிளாசன்லாகர், அதாவது வகுப்புக் காம்ப், என்று இருந்த சொல்லில் லாகர் என்ற பின்பாதி ஒன்றுதான் என் கண்ணில் பட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களை வைத்திருந்த இடத்தை லாகர் என்றுதான் சொன்னோம், ஒரு அறைக்குள் பதினெட்டுக் கட்டில், கடைக்குப் போவதென்றாலும் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு நான் பெட்டி அடுக்கின பண்டகசாலையும் லாகர்தான், ஜன்னல் இல்லை. ஊரில் காம்ப் என்றால் ஆமிக்காம்ப், அதற்குள் கொண்டுபோன என் அண்ணை திரும்பி வரவில்லை. என் பிள்ளையை நானே கையெழுத்துப் போட்டு லாகருக்கு அனுப்புவதோ என்று நினைத்தேன். உன் ரீச்சர் போன் எடுத்து, அது விளையாட்டும் சமையலும் மலையில் நடப்பதும்தான் என்று நெடுநேரம் விளங்கப்படுத்தினார், எல்லாவற்றுக்கும் யா யா என்றேன். பிள்ளை போகட்டுமப்பா என்று அம்மா சொன்னதும் என் காதில் ஏறவில்லை. புறப்படுகிற அன்று உனக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். நானும் பொய் சொல்லோணுமோ அப்பா என்று நீ கேட்டாய், ஓம் என்றேன். ஐந்து நாளும் ஆட்கள் காணக்கூடாதென்று திரைச்சீலையை இழுத்து மூடி உன்னை வீட்டுக்குள் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு இடத்துக்கும் போகட்டுமோ என்று நீ என்னிடம் கேட்டதில்லை. நல்ல அடக்கமான பிள்ளை என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன்.

போன கிழமை வானை உன் வகுப்புப் போய்த் தங்கின அந்த மலையூருக்குக் கொண்டுபோனேன். உன் பழைய பள்ளிக்கூடத் தாள்களுக்குள் அந்த விலாசம் இருந்தது. அம்மா முழங்கால் வலியோடு வானிலேயே இருந்துவிட்டார். சாதாரண மரவீடு, முன்னால் ஒரு மேசைப்பந்து மேசை, பின்னால் மாடுகள். பொறுப்பாக இருக்கிற மனுசி ஜன்னல் துடைத்துக்கொண்டு நின்றார், என் மகளின் வகுப்பு இங்கே வந்தது, ஒருக்கால் உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன், விட்டார். மேல்மாடியில் வரிசையாகக் கட்டில்கள். ஆனால் பெரிய பெரிய ஜன்னல்கள், கதவில் பூட்டே இல்லை. சுவர்ப் பலகையில் வந்த பிள்ளைகள் எல்லாரும் வருடம் போட்டுப் பெயர் எழுதியிருக்கிறார்கள். உன் வகுப்பின் வருடத்தைத் தேடிப் பிடித்தேன். உன்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய்வந்த லேயாவின் பெயர் இருந்தது, கீழ்வீட்டுப் பெடியனின் பெயர் இருந்தது, மொத்தம் இருபத்தொரு பெயர். உன்னுடையது இருக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தேன். மனுசி வந்து, மகளின் பெயர் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை, அது என் பிழை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வானில் ஏறியதும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

மன்னிப்புக் கேட்பது எங்கள் வயதுத் தகப்பன்மாருக்கு வராத வேலை, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நான் செய்தது பிழை, கோசலா. பயத்தைப் பாசம் என்று நினைத்துவிட்டேன். போனமுறை நீ வந்து திரும்பும்போது விமான நிலையத்தில் வைத்து, பெட்டிவண்டி கட்டவோ இவ்வளவு படிச்சனீ என்று உன்னைக் கேட்டேன். நீங்கள் என்னை ஒரு இடமும் விடேல்லை, அதுதான் ஆக்கள் போறதுக்கு வண்டி கட்டிறன் என்றாய். வாய்க்காரி என்று அன்றைக்குக் கோபித்தேன், ஆறு வருடம் நீ வராததற்கும் வேறு வேறு காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அந்த ஐந்து நாளை என்னால் திருப்பித் தர முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, கலியாணக் கதை எடுக்கமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன், பயப்படாமல் வா. நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், நீ வரைகிற வாகனம் நன்றாக ஓட வேண்டும், அதற்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இருக்கை இரண்டுதானே என்று யோசிக்காதே. நீங்கள் ரெண்டுபேரும் வானிலை போங்கோ, நான் பின்னாலை ரயிலிலை வாறன் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகஸ்டில் வான் நிறுத்துகிற இடங்கள் நிரம்பிவிடும், நான் இப்போதே பதிய வேண்டும். ஆனபடியால் மறக்காமல் பதில் போடு. எங்கே போவதென்று நீ சொல்லு, நான் ஓட்டுகிறேன்.

உன் அப்பா
தம்பித்துரை