முகம் பார்க்கும் திருகை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத மனசு வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பக்கவாதத்தில் விழுந்த உன் அத்தானுக்குப் பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது, கோபம் எல்லாவற்றுக்கும் முந்தியே திரும்பிவிட்டது. வலது கை மட்டும்தான் வரமாட்டேன் என்கிறது. போன வாரம் டாக்டர் ஒவ்வொரு விரலிலும் ஊசியால் குத்திப் பார்த்தார். இவர் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குத்தியதே தெரியவில்லை. கோடைக்குள் உணர்ச்சி வராவிட்டால் அப்புறம் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

கையை வேலை வாங்க வேண்டுமாம். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். காலமெல்லாம் கல்லில் பெயர் வெட்டிச் சாப்பிட்ட மனிதர் பந்தைப் பிசைவாரா? நான் என்ன கைக்குழந்தையா என்று ஜன்னல் வழியாக வீசிவிட்டார். கீழ்வீட்டு நாய் அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறது.

விளையாட்டுச் சாமான் என்றால் தொடமாட்டார், வேலை என்றால் செய்வார். அதனால் மாவு அரைக்கிற கைத்திருகை ஒன்று தேடி அனுப்பு. அவர் அரைத்தால்தான் வீட்டில் சாப்பாடு என்று சொல்லிவிடுகிறேன். கூடவே மருந்தடிக்காத கோதுமையும் வேண்டும். ஏற்கெனவே காலையில் கை நிறைய மாத்திரை விழுங்குகிறார், சாப்பாட்டிலும் மருந்து எதற்கு?

ஆனால் நீ வராதே. தன்னை இந்த நிலையில் யாரும் பார்க்கக் கூடாது என்கிறார், அதிலும் நீ பார்க்கவே கூடாதாம். மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டதே அவர்தான். 'கண்ணாடி' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். நான் பார்த்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? சரி, வரவில்லை.

திருகை இன்னும் அகப்படவில்லை. இரும்புச் சாமான் கடையில் மேஜையில் பூட்டிச் சுற்றுகிற ஒன்று இருந்தது. அதில் கோதுமை ரெண்டாக உடைகிறதே தவிர மாவாகவில்லை. கோழிக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார் கடைக்காரர். இணையத்தில் படத்தைப் பார்த்து மயங்கி ஒன்று வரவழைத்தேன். பிரித்தால் என் முஷ்டி அளவுக்கு இருந்தது. அதில் மிளகு அரைக்கலாம்.

கோதுமை கிடைத்துவிட்டது. கடைகளில் எந்தப் பாக்கெட்டைப் புரட்டினாலும் 'இயற்கை' என்று எழுதிப் பச்சை இலை போட்டிருந்தது, எதை நம்புவது என்று தெரியவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே, தானே பயிர் செய்து கொட்டகையில் வைத்து விற்கிற ஓர் அம்மாவைப் பிடித்தேன். மருந்தடிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வண்டு ஒன்று உலாத்திக்கொண்டிருந்தது. அதையே கேட்டுக்குங்க என்றார்.

ஒரு மணியை வேலையிடத்துக்குக் கொண்டுபோய் லென்ஸுக்கு அடியில் வைத்தேன். அக்கா, கோதுமைக்கு முடி இருக்கிறது தெரியுமா? ஒரு முனையில் சின்னக் குடுமி, வெள்ளி இழை மாதிரி. நடுவில் ஒரு பள்ளம், அதற்குள் வெளிச்சம் போய்ப் போய் இறங்குகிறது. தினமும் தின்கிற பொருளை இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது பார்த்திருக்கிறேனா? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கூட வேலை செய்கிறவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். முதலாளி திட்ட வந்தவர், அவரும் வரிசையில் நின்றுவிட்டார்.

மூட்டையோடு ஒரு லென்ஸும் அனுப்பியிருக்கிறேன். அத்தானுக்குக் காட்டு.

உன் தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

மூட்டை வந்தது. உன் வண்டும் சௌக்கியமாக வந்து சேர்ந்தது.

லென்ஸைக் கொடுத்ததும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மேஜைமேல் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் இடது கையில் லென்ஸோடு குனிந்துகொண்டிருக்கிறார். ரொம்ப நேரம் நிமிரவேயில்லை. அப்புறம் அந்தப் பள்ளத்தைக் காட்டி, "ஒரே வெட்டு. பிசிறே இல்ல. யாரால முடியும்?" என்றார். அவர் தொழிலைப் பற்றி வாய் திறந்தது, விழுந்த பிறகு இதுதான் முதல் தடவை.

சொல்லிவிட்டு மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். சீக்கிரம் திருகையைத் தேடு.

உன் அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டது! பழைய சாமான் கிடங்கில் ஒரு கல்லின்மேல் பூந்தொட்டி இருந்தது, அதன் ஜோடிக் கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். ரெண்டையும் சேர்த்து வைத்தால் நல்ல கல்திருகை. ஆனால் உள்பக்கம் ஒரே கொத்தலும் கீறலுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தானுக்கு இப்படியா கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை எல்லாம் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிற பொடியைப் போட்டுத் தேய்த்தேன். முதலில் சொரசொரப்புப் பொடி, கடைசியில் சந்தனம் மாதிரி நைஸ் பொடி. தோள்பட்டை கழன்றுவிட்டது, போ. இப்போது குனிந்தால் முகம் தெரிகிறது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை.

லாரியில் அனுப்பியிருக்கிறேன். என்ன சொன்னார் என்று எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 22

தம்பி,

நீ செய்த காரியத்தை என்னவென்று சொல்வது?

ஆசையாகக் கோதுமையைப் போட்டுச் சுற்றினேன். போட்டது போட்டபடியே வெளியே வந்தது. இவர் மேல்கல்லைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்தப் பளபளப்பில் தன் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உன் தம்பி திருகைக்குப் பல்லெல்லாம் பிடுங்கிட்டு, பவுடர் பூசி அனுப்பியிருக்கான்" என்றார். அந்தக் கொத்தலும் கீறலும்தானாம் மாவை அரைப்பது. உன் பாலிஷ் அரைக்காதாம்.

எனக்கோ அழுகையே வந்துவிட்டது. யாராவது கல் கொத்துகிறவரைக் கூப்பிடட்டுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். என் வீட்டுக்கு இன்னொருத்தன் வந்து கொத்துவானா என்று கட்டிலடியில் இருந்த உளிப் பையை எடுத்துவரச் சொன்னார்.

சுத்தியலை இடது கை எடுத்துக்கொண்டது. உளி பிடிக்க மிச்சமிருந்தது வலது கைதான். துணிப்பட்டையால் விரல்களோடு சேர்த்துக் கட்டச் சொன்னார், கட்டினேன். நீ தேய்த்த தேய்ப்பில் உளி நிற்கவே இல்லை. வழுக்கும்போதெல்லாம் உனக்கு அர்ச்சனை நடந்தது. கோடு கோணலாகப் போனால் அதன்மேலேயே மறுபடி கொத்தினார். வீடெல்லாம் கல்தூள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்பார், வரமாட்டார். ஒரு நாள் பார்க்கிறேன், துணிப்பட்டை அவிழ்ந்து தரையில் கிடக்கிறது, உளி கையிலேயே இருக்கிறது. என் கண்ணே பட்டுவிடுமோ என்று பயந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

நேற்று முதல் மாவு இறங்கியது. கொஞ்சம் ரவைதான், ஆனால் வெதுவெதுவென்று. அந்த வாசனையை எப்படி எழுதுவது தம்பி? வெயில் பட்ட வயலே வீட்டுக்குள் வந்தது போல இருந்தது. ரெண்டு பேரும் முகர்ந்துகொண்டே நின்றோம். ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை, கோட்டை இன்னும் ஆழமாக்க வேண்டும் என்று இன்று காலை மறுபடி உட்கார்ந்தார்.

நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா என்று ஒரு அலறல். ஓடினேன். சுத்தியல் தவறி வலது கட்டைவிரலில் விழுந்திருந்தது. நகம் கறுத்து, ரத்தம். துணி எடுக்கத் திரும்பினால் என்னை விடவில்லை. அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக நிற்கிறார்.

"வலிக்குதுடி" என்றார். "நிஜமாவே வலிக்குது. உயிர் போகுது."

நான் அப்படியே கல்தூளில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இப்போது ஐஸ் வைத்திருக்கிறேன். ஜில்லென்று இருக்கிறது, எடு எடு என்று கத்திக்கொண்டிருக்கிறார். உன்னை நேரில் வைத்துத் திட்ட வேண்டுமாம். உடனே கிளம்பி வா.

உன் அக்கா